வகுப்புச் செய்தி மடல்: ஒரு சந்தாதாரரின் மதிப்புரை

எங்கள் கல்லூரியின் முன்னாள் மாணவர் சங்கம் ஒவ்வோர் ஆண்டு வகுப்புக்கும் தனித்தனியாக ஒரு செய்தி மடலை மூன்று மாதங்களுக்கு ஒருமுறை அனுப்பி வருகிறது. ஆயுள் சந்தா செலுத்தியவர்களுக்கு அது அச்சிலும் மின்னஞ்சலிலும் கிடைக்கும். வகுப்புத் தோழர்களின் பணி ஓய்வு, குடும்பச் செய்திகள், முகவரி மாற்றம், மறைவு என்று நான்கு பகுதிகள் அதில் உண்டு. நான் 11 ஆண்டுகளாக அதைப் பெற்று வருகிறேன். எனக்குச் சில ஆண்டுகள் பின்னால் படித்து அண்மையில் ஓய்வு பெற்ற இருவர், கைப்பேசியிலேயே எல்லாச் செய்தியும் வந்துவிடும்போது இந்த மடலுக்குத் தனியாகச் சந்தா செலுத்த வேண்டுமா என்று கேட்டார்கள். ஆம் என்று அவர்களிடம் ஒரு சொல்லில் சொல்லிவிட்டேன். அதற்கான காரணங்களையும், இந்தச் சேவையில் திருத்தப்பட வேண்டிய குறைகளையும் விரிவாகச் சொல்வதற்காக இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

முதலில் மடலின் வடிவத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அச்சு மடல் 12 பக்கங்கள் கொண்டது. எழுபதைத் தாண்டிய கண்களுக்கு ஏற்ற பெரிய எழுத்து, வரிகளுக்கிடையே போதிய இடைவெளி, விளக்கொளியில் பளபளக்காத தாள் ஆகியவற்றை யாரோ ஒருவர் யோசித்துத் தேர்ந்தெடுத்திருக்கிறார். மின்னஞ்சலில் வரும் மடலும் பக்கங்களின் படமாக வராமல் எழுத்தாகவே வருவதால், தேவையான அளவுக்குப் பெரிதாக்கிக்கொள்ளலாம்; பார்வை குறைந்தவர்கள் கைப்பேசியைப் படித்துக்காட்டச் சொல்லியும் கேட்கலாம். பார்வையை ஏறக்குறைய முழுமையாக இழந்துவிட்ட எங்கள் தோழர் ஒருவர் ஒவ்வோர் இதழையும் அப்படித்தான் கேட்கிறார். இந்த வகையில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

இத்தகைய வகுப்புச் செய்திகளுக்கு நீண்ட மரபு உண்டு. அமெரிக்காவின் வில்லியம்ஸ் கல்லூரியில் 1821இல் தொடங்கிய முன்னாள் மாணவர் சங்கமே இடைவிடாமல் இயங்கிவரும் சங்கங்களுள் மிகப் பழையது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் முன்னாள் மாணவர் இதழ் 1900இல் தொடங்கியது. ஹார்வர்டில் ஒவ்வொரு வகுப்பும் ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை தன் உறுப்பினர்கள் தாமே எழுதிய வாழ்க்கைக் குறிப்புகளை நூலாகத் தொகுக்கிறது. பல கல்லூரி இதழ்களில் வகுப்புச் செய்திகள் மிகப் பழைய ஆண்டிலிருந்து தொடங்கி, அண்மையில் பட்டம் பெற்றவர்களோடு முடியும். எங்கள் சங்கத்தின் ஆண்டுமலரிலும் இதே வரிசைதான். பட்டம் பெற்ற புதிதில் எங்கள் வகுப்பின் பெயரைத் தேட ஆண்டுமலரைக் கடைசிப் பக்கத்திலிருந்து புரட்டுவோம். பின்னர் ஆண்டுதோறும் அது நடுப்பக்கங்களை நோக்கி நகர்ந்தது. இப்போது எங்களுக்கு முன்னால் இரண்டே பக்கங்கள் இருக்கின்றன. அந்த இரண்டு பக்கங்களில் இருப்பவர்கள், நாங்கள் முதலாண்டில் நுழைந்தபோது விடுதியில் எங்களுக்கு இடம் காட்டிய மூத்த மாணவர்கள். ஆண்டுமலர் வரும்போதெல்லாம் நான் முதலில் அந்த இரண்டு பக்கங்களைத்தான் பார்க்கிறேன்.

மடலின் பகுதிகளில் நீண்ட காலம் மிகவும் சலிப்பூட்டியது பணி ஓய்வுப் பகுதி. இன்னார் இன்ன பதவியிலிருந்து இன்ன நாளில் ஓய்வு பெற்றார் என்று பதவிப் பெயர்களின் அடுக்காகவே அது இருந்தது. படித்து முடித்தால் அவர் என்ன ஆனார் என்பது தெரியுமே தவிர, எப்படி இருக்கிறார் என்பது தெரியாது. ஆறு ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் வகுப்பின் செயலராகப் பொறுப்பேற்ற பெண்மணி, தாமும் ஒரு நூலகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், இதை மாற்றினார். ஓய்வு பெற்றவர்களுக்கு அவர் ஒரே ஒரு கேள்வியை அனுப்பினார்: காலை பத்து மணிக்கு இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்? நாற்பது ஆண்டுகள் அந்தப் பத்து மணிக்கு ஒரு மேசையின் முன்போ, வகுப்பறையிலோ, எந்திரத்தின் அருகிலோ இருந்தவர்களுக்கு அந்தக் கேள்வி நேராக உள்ளே போய்த் தைத்தது. பாலங்கள் கட்டிய பொறியாளர் ஒருவர், பேத்தியின் பள்ளிக் கணக்கைத் தாம் முதலில் போட்டுப் பார்த்துவிட்டுப் பிறகு சொல்லிக்கொடுப்பதாக எழுதினார். ஆய்வகத்தில் வாழ்நாளைக் கழித்த ஒருவர், பக்கவாதத்தால் விழுந்த மனைவிக்கு அந்த நேரத்தில் கைப்பயிற்சி அளிப்பதாக எழுதினார். இன்னொருவர், தாம் எதுவும் செய்வதில்லை என்றும், நாற்காலியைச் சன்னலோரம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதாகவும், யாராவது கேட்டால் நாளிதழ் படிப்பதாகச் சொல்வதாகவும் எழுதியிருந்தார். அந்த இதழ் வந்த இரண்டு வாரங்களுக்குள் மூன்று பேர் அவரைத் தொலைபேசியில் அழைத்ததாக அடுத்த இதழில் செய்தி வந்தது. பதவியின் பெயரை மட்டும் அச்சிட்டிருந்தால் அந்த மூன்று அழைப்புகளும் போயிருக்காது.

ஓய்வு என்ற சொல்லுக்குள் யாரெல்லாம் அடங்குவார்கள் என்பதிலும் இந்தச் செயலர் கவனமாக இருந்தார். எங்கள் வகுப்பில் கணிதத்தில் முதலிடம் பெற்ற தோழி ஒருவர் ஒருநாளும் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர் அல்லர். அவரைப் பற்றி ஓய்வுப் பகுதியில் எழுத எதுவும் இல்லை என்று பழைய மடல்கள் கருதிவிட்டன. அவருக்கும் அதே கேள்வி போனது. படுக்கையில் இருந்த மாமியாரைப் பல ஆண்டுகள் பார்த்துக்கொண்டதாகவும், அவர் சென்ற மாதம் காலமாகிவிட்டதாகவும், ஆகவே தாம் இப்போதுதான் ஓய்வு பெற்றிருப்பதாகவும், பத்து மணிக்கு மருந்து கொடுக்க எழுந்து, பிறகு நினைவு வந்து உட்கார்ந்துவிடுவதாகவும் அவர் எழுதினார். செயலர் அதை ஓய்வுப் பகுதியின் முதல் செய்தியாக, ஒரு சொல்லைக்கூடத் திருத்தாமல் வெளியிட்டார். இந்த 11 ஆண்டுகளில் நான் அந்த மடலில் படித்தவற்றுள் மிகச் சிறந்த செய்தி என்று அதையே சொல்வேன்.

குடும்பச் செய்திகள் பகுதியைப் பற்றி எனக்குக் கலப்பான கருத்து இருக்கிறது. பிள்ளைகளின் திருமணம், பேரப்பிள்ளைகளின் பிறப்பு, அவர்கள் பெற்ற பட்டம், பரிசு ஆகியவை இங்கே வருகின்றன. மகிழ்ச்சியைப் பகிர்ந்துகொள்வதில் தவறில்லை; என் பேரன் பிறந்தபோது நானும் எழுதினேன். ஆனால் பிள்ளைகள் இல்லாதவர்கள், பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள், பிள்ளைகளோடு பேச்சு நின்றுபோனவர்கள் எங்கள் வகுப்பிலும் இருக்கிறார்கள். சாதனைப் பட்டியல் நீள நீள, தங்களுக்குச் சொல்ல எதுவும் இல்லை என்று அவர்கள் ஒதுங்கிப்போகிறார்கள். ஒருவருக்கு ஆண்டுக்கு ஐந்து வரிகள் போதும் என்று ஒரு வரம்பு வைக்கலாம். சகோதரர், சகோதரி, வளர்த்த பிள்ளை, நாற்பதாண்டுத் துணையான அண்டை வீட்டார் ஆகியோரைப் பற்றி எழுதினாலும் குடும்பச் செய்தியாகவே ஏற்போம் என்று வெளிப்படையாக அச்சிட்டால் இன்னும் நல்லது. இந்த யோசனையை எழுதி அனுப்பி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இதுவரை நடைமுறைக்கு வரவில்லை.

இதே பகுதியில் வரும் நிழற்படங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வெறும் இன்றைய முகத்தை அச்சிட்டால் பலருக்கு அடையாளம் தெரிவதில்லை. ஹாரி பாரிக் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1975இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இங்கே பொருந்தும். 17 முதல் 74 வயது வரையிலான 392 பேரிடம், அவர்களுடைய பழைய பள்ளி ஆண்டுமலர்ப் படங்களையும் பெயர்களையும் காட்டிச் சோதித்தார்கள். பட்டம் பெற்று ஏறக்குறைய 48 ஆண்டுகள் கடந்தவர்கள்கூடப் பழைய வகுப்புத் தோழர்களின் பெயர்களைச் சுமார் 80 விழுக்காடும், முகங்களைச் சுமார் 70 விழுக்காடும் சரியாக இனம் கண்டார்கள். ஆனால் எதையும் காட்டாமல் பெயர்களைத் தாமாக நினைவுகூரச் சொன்னபோது அவர்களால் மிகக் குறைவாகவே சொல்ல முடிந்தது. அதாவது, நம் தோழர்கள் நம் நினைவிலிருந்து போய்விடவில்லை. எடுத்துக்கொடுத்தால் எழுந்து வருகிறார்கள். எங்கள் செயலர் இப்போது ஒவ்வொரு செய்திக்கும் அருகே கல்லூரிக்கால முகத்தையும் இன்றைய முகத்தையும் இணைத்தே அச்சிடுகிறார். பெயரைக் கேட்டு யார் என்று விழித்த எனக்கு, அந்தப் பழைய படத்தில் இருந்த கோணல் வகிடு அத்தனையையும் மீட்டுத் தந்தது.

இனி மறைவுப் பகுதிக்கு வருகிறேன். மடல் கைக்கு வந்ததும் நாங்கள் அனைவரும் முதலில் திறப்பது இதைத்தான். இந்தச் சேவையின் தரத்தை இந்த ஒரு பக்கத்தை வைத்தே அளக்கலாம்.

முதல் அளவுகோல் மெய்ம்மை. சில ஆண்டுகளுக்கு முன்பு, முந்தைய பொறுப்பாளரின் காலத்தில், ஒரு பெரும்பிழை நேர்ந்தது. எங்கள் வகுப்பில் ஒரே பெயரும் ஒரே தலைப்பெழுத்தும் கொண்ட இருவர் இருந்தார்கள். ஒருவர் காலமான செய்தியை யாரோ தொலைபேசியில் சொல்ல, பட்டியலைப் பார்த்து மற்றவருடைய படத்தையும் பணிக்குறிப்பையும் போட்டு இரங்கல் அச்சாகிவிட்டது. உயிரோடு இருந்தவரின் வீட்டுக்கு அன்று முழுவதும் அழைப்புகள் வந்தன. வெளியூரில் இருந்த அவருடைய மகள், தந்தையின் குரலைக் கேட்கும் வரை நடுங்கிக்கொண்டே இருந்தாராம். உண்மையில் காலமானவரின் குடும்பத்துக்கு இழைக்கப்பட்டது இன்னும் பெரிய தவறு என்பது என் கருத்து. அவர்களுக்கு ஆறுதல் சொல்ல ஒருவரும் அழைக்கவில்லை. இப்போதைய செயலர் வந்த பிறகு, குடும்பத்தினர் ஒருவரும் வகுப்புத் தோழர் ஒருவரும் தனித்தனியே உறுதிசெய்த பிறகே செய்தி வெளியாகிறது. பெயரோடு, படித்த பிரிவும் விடுதி அறை எண்ணும் சேர்த்து அச்சிடப்படுகின்றன. திருமணத்துக்குப் பின் தலைப்பெழுத்தோ பெயரின் பின்பகுதியோ மாறிய தோழியருக்குக் கல்லூரிக்காலப் பெயரும் அடைப்புக்குறிக்குள் தரப்படுகிறது. இதைச் செய்யாத காலத்தில், என் நெருங்கிய தோழி ஒருவரின் மறைவுச் செய்தியை, அது அவர்தான் என்று அறியாமலேயே நான் படித்துக் கடந்திருக்கிறேன். எட்டு மாதங்களுக்குப் பிறகு அது தெரியவந்த நாளின் வருத்தம் இன்னும் ஆறவில்லை.

இரண்டாவது அளவுகோல் மொழி. மறைவைச் சொல்லத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. காலமானார், மறைந்தார், இயற்கை எய்தினார், இறைவனடி சேர்ந்தார், அமரரானார் என்ற ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஒரு நம்பிக்கை இருக்கிறது. இறைமறுப்பாளராகவே வாழ்ந்தவரை இறைவனடி சேர்ந்தார் என்று எழுதுவதும், ஆழ்ந்த இறைப்பற்றோடு வாழ்ந்தவரை இயற்கை எய்தினார் என்று எழுதுவதும் அவர்கள் வாழ்ந்த வாழ்க்கைக்கு எதிரான எழுத்து. எங்கள் மடல் பொதுவாகக் காலமானார் என்ற சொல்லையே ஆள்கிறது. குடும்பத்தினர் வேறு சொல்லைக் கேட்டால் அதை அப்படியே ஏற்கிறது. ஈடுசெய்ய இயலாத இழப்பு, பண்பின் சிகரம், ஆழ்ந்த வேதனையில் ஆழ்ந்தோம் போன்ற வாய்பாடுகளைச் செயலர் நீக்கிவிடுகிறார். அவற்றின் இடத்தில், காலமானவரோடு ஒரே அறையிலோ ஒரே ஆய்வக மேசையிலோ இருந்த ஒருவரிடமிருந்து ஒரு நினைவைக் கேட்டு வாங்குகிறார். அண்மையில் காலமான ஒருவரைப் பற்றி அப்படி வந்த நினைவு இது: தேர்வுக்கு முந்தைய இரவு மின்சாரம் நின்றுபோனபோது அவர் பாடத்தை மனப்பாடமாக உரக்கச் சொல்ல, விடுதித் தாழ்வாரம் முழுவதும் இருட்டில் உட்கார்ந்து அதைக் கேட்டுப் படித்தது. அந்தத் தாழ்வாரத்தில் நானும் இருந்தேன். பண்பின் சிகரம் என்று எழுதியிருந்தால் அந்த இரவு எனக்குத் திரும்பக் கிடைத்திருக்காது.

நோயின் பெயரையோ மறைவின் காரணத்தையோ குடும்பம் விரும்பினால் மட்டுமே வெளியிடுவது, காலமானவரின் துணைவருக்குக் கடிதம் அனுப்ப வேண்டிய முகவரியைத் தருவது, அடுத்த ஆண்டு அதே மாதத்தில் அந்தத் துணைவருக்குச் செயலரே நினைவாக ஒரு கடிதம் எழுதுவது ஆகிய நடைமுறைகளும் இருக்கின்றன. கணவரை இழந்த மூவர், மனைவியை இழந்த ஒருவர், துணைவரின் சந்தாவைத் தம் பெயருக்கு மாற்றிக்கொண்டு மடலைத் தொடர்ந்து பெறுகிறார்கள். சங்கத்தின் விதிகளில் இதற்கு இடமில்லை. செயலர் கேட்டு வாங்கிய இசைவு இது.

மடலின் வெளிப்படையான குறை காலதாமதம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் மடலில் மறைவுச் செய்தியைப் படிக்கும்போது எல்லாம் முடிந்து பல வாரங்கள் ஆகியிருக்கும். இறுதியாக ஒருமுறை முகத்தைப் பார்க்க நினைப்பவர்களுக்கு அது பயன்படாது. இங்கே கைப்பேசிக் குழு மடலை வென்றுவிடுகிறது. வாட்ஸ்அப் குழு ஒன்றில் 1024 பேர் வரை இருக்கலாம். எந்த வகுப்புக்கும் அது தாராளம். விடியற்காலையில் நேர்ந்த மறைவு காலை உணவுக்கு முன் அனைவருக்கும் தெரிந்துவிடுகிறது. சென்ற ஆண்டு நான் ஒரு தோழரின் இறுதிச் சடங்குக்கு நேரத்தில் சென்று சேர்ந்தது குழுவில் வந்த செய்தியால்தான். ஆகவே இரண்டும் வேண்டும் என்பது என் முடிவு.

ஆனால் குழுவில் துயரம் தங்குவதில்லை. கைகூப்பும் சின்னங்கள் வரிசையாக வந்து முடிந்ததும் யாரோ ஒரு காலை வணக்கப் படத்தை அனுப்புவார். பத்து நிமிடங்களில் அந்தப் பெயர் திரையிலிருந்து மேலே போய்விடும். ஆறு மாதம் கழித்துத் தேடினால் கிடைப்பது கடினம். இன்னொன்றும் உண்டு. நீண்ட காலம் இணைப்பில் வராத கணக்கை, பொதுவாக 120 நாட்களுக்குப் பிறகு, வாட்ஸ்அப் நீக்கிவிடும். கணக்கு நீங்கும்போது அவர் குழுக்களிலிருந்தும் நீங்கிவிடுவார். இதைத் தெரிந்துகொண்ட தோழரின் மனைவி ஒருவர், கணவரின் கைப்பேசியை இன்றும் மின்னேற்றி வைத்திருக்கிறார். அவருடைய பெயர் குழுவில் இருந்தால் போதும் என்கிறார். அவருக்கு அச்சு மடலின் அந்தப் பக்கத்தைத் தனியாக இரண்டு படிகள் அனுப்பிவைத்தோம்.

சங்கத்தின் கணினிப் பதிவேடு இந்தச் சேவையில் மிகப் பலவீனமான உறுப்பு. மடலும் பதிவேடும் ஒன்றோடொன்று இணைக்கப்படவில்லை. மடலில் மறைவுச் செய்தி வெளியான பிறகும் பதிவேடு அந்த முகவரிக்குத் தானாகவே பிறந்தநாள் வாழ்த்தும் நன்கொடை வேண்டுகோளும் அனுப்பிக்கொண்டிருக்கிறது. என் அறைத்தோழரின் வீட்டுக்கு, அவர் போய் நான்கு மாதங்களுக்குப் பிறகு, நீண்ட ஆயுளோடு வாழ வாழ்த்தும் கடிதம் ஒன்று வந்தது. அவருடைய மனைவி அதை என்னிடம் படித்துக்காட்டினார். எனக்கு மறுமொழி சொல்ல வாய் வரவில்லை. இது தீர்க்க முடியாத சிக்கல் அல்ல. ஃபேஸ்புக்கில் ஒருவருடைய கணக்கை நினைவுக் கணக்காக மாற்றிவிட்டால் அவருடைய பிறந்தநாள் நினைவூட்டல் யாருக்கும் போகாது. அந்தக் கணக்கைப் பார்த்துக்கொள்ளத் தமக்குப் பின் ஒருவரை முன்கூட்டியே நியமிக்கும் வசதி 2015இல் வந்தது. கூகுள் நிறுவனம் 2013 முதல், கணக்கு குறிப்பிட்ட மாதங்கள் செயல்படாமல் இருந்தால் நாம் நம்பும் பத்துப் பேர் வரை தெரிவிக்கும் ஏற்பாட்டை வைத்திருக்கிறது. கோடிக்கணக்கான கணக்குகளுக்குச் செய்ய முடிந்ததைச் சில ஆயிரம் பெயர்கள் உள்ள ஒரு பதிவேட்டில் செய்துவிடலாம். சங்கத்துக்கு மூன்று முறை எழுதியிருக்கிறேன். இது திருத்தப்படும் வரை, குடும்பத்தில் ஒருவரின் தொலைபேசி எண்ணைச் செயலரிடம் கொடுத்துவைப்பதே உறுப்பினர்கள் செய்யக்கூடியது.

இப்போது நான் முதன்மையாகச் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஓர் இதழில் ஒரு தோழரின் மறைவுச் செய்தி மூன்றே வரிகளில் வந்தது: பெயர், பிரிவு, காலமான நாள். செயலர் பதினெட்டுப் பேரிடம் கேட்டும் யாருக்கும் அவரைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. அவர் எங்கே வேலை பார்த்தார், மணம் செய்துகொண்டாரா, எப்போது ஓய்வு பெற்றார் என்பது எதுவும் தெரியவில்லை. இத்தனை ஆண்டு மடல்களில் அவருடைய பெயர் இடம்பெற்றது அதுவே முதல் முறை. எனக்கு அவரைத் தெரியும். விடைத்தாளில் கோடு போட ஒருமுறை தம் அளவுகோலை எனக்குக் கொடுத்துவிட்டுத் தாம் அடையாள அட்டையின் ஓரத்தை வைத்துக் கோடு போட்டார். அதற்குப் பிறகு அவரைப் பற்றி நான் விசாரிக்கவே இல்லை. ஒரு வகுப்பு மடலுக்கு இதைவிடப் பெரிய தோல்வி கிடையாது. ஒருவர் தோழர்களிடையே முதன்முறையாகச் செய்தியாவது அவருடைய மறைவினாலாக இருக்கக் கூடாது.

எங்கள் செயலருக்கும் அந்த மூன்று வரிகள் உறுத்தியிருக்க வேண்டும். அதன்பின் அவர் வாரத்துக்கு ஒருவர் என்ற கணக்கில், மடலுக்கு எழுதாதவர்களை மட்டும் தொலைபேசியில் அழைக்கத் தொடங்கினார். எழுதுகிறவர்கள் எப்படியும் எழுதுவார்கள் என்பது அவர் வாதம். எழுதாதவர்களுக்கு ஒவ்வொரு காரணம் இருந்தது. ஒருவருக்குக் கை நடுங்குகிறது. ஒருவர் தம் தொழில் நொடித்ததைச் சொல்ல விரும்பவில்லை. ஒருவர், மற்றவர்களின் செய்திகளோடு ஒப்பிட்டால் தம் வாழ்க்கை செய்தியாகாது என்று நினைத்துவிட்டார். வயது ஏற ஏற மனிதர்கள் தங்கள் உறவு வட்டத்தைத் தாமாகவே சுருக்கி, மனத்துக்கு நெருக்கமான சிலரோடு மட்டும் நேரம் செலவிட விரும்புகிறார்கள் என்பதை உளவியலாளர் லாரா கார்ஸ்டென்சன் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். ஆகவே மறுமொழி எழுதாதவரை நட்பை முறித்துக்கொண்டவராகக் கருத வேண்டியதில்லை. அந்தச் சிறிய வட்டத்துக்குள் நம்மையும் வைத்திருக்கிறாரா என்பது, போய்க் கேட்டால்தான் தெரியும். 1938இல் ஹார்வர்டு மாணவர்கள் 268 பேரோடு தொடங்கி இன்னும் தொடரும் நீண்ட ஆய்வின் வலிமையும் இதில்தான் இருக்கிறது: அதே மனிதர்களிடம், அவர்கள் கிழவர்களாகும் வரை, மீண்டும் மீண்டும் போய்க் கேட்டார்கள். 50 வயதில் தம் உறவுகளில் நிறைவு கண்டவர்களே 80 வயதில் கூடுதல் நலத்தோடு இருந்தார்கள் என்ற அதன் புகழ்பெற்ற முடிவும் அப்படிக் கேட்டதால்தான் கிடைத்தது.

நானும் எழுதாதவர்களின் பட்டியலில் இருந்தவன். மனைவி காலமான பிறகு நான் இரண்டு ஆண்டுகள் மடலைப் பிரிக்காமலேயே அடுக்கி வைத்தேன். ஒரு பிற்பகல் செயலர் அழைத்தார். செய்தி ஏதும் வேண்டாம், உங்கள் குரலைக் கேட்கத்தான் அழைத்தேன் என்றார். நாற்பது நிமிடங்கள் பேசினோம். அடுத்த இதழில் என்னைப் பற்றி வந்தது ஒரே வரி. நலமாக இருக்கிறார், மாலையில் அழைத்தால் பேசுவார் என்று. அந்த வரியைப் படித்துவிட்டு ஏழு பேர் மாலையில் அழைத்தார்கள். இந்தச் சேவைக்கு நான் என்ன மதிப்பெண் தருவேன் என்று கேட்டால், பதிவேட்டுக்கு மிகக் குறைவாகவும், இந்த ஒரு வரிக்கு முழுமையாகவும் தருவேன்.

எனக்குள்ள கவலை ஒன்றே. அத்தனையும் ஒரே ஒருவரின் தோளில் நிற்கிறது. செயலருக்கும் எங்கள் வயதுதான். சென்ற குளிர்காலத்தில் அவர் மருத்துவமனையில் இருந்தபோது ஓர் இதழ் வரவே இல்லை. துணைச் செயலர் ஒருவரை நியமிக்கவும், தொலைபேசி எண்களின் பட்டியலை வேறொருவரிடமும் வைத்திருக்கவும் சங்கம் உடனே ஏற்பாடு செய்ய வேண்டும். எண்ணிக்கை மிகவும் குறைந்த மூத்த வகுப்புகள் தங்கள் மடலை அடுத்த வகுப்போடு இணைத்துக்கொள்கின்றன. அந்த நிலைக்கு நாங்கள் வருவதற்குள் இளைய வகுப்பின் செயலரோடு சேர்ந்து பணியாற்றத் தொடங்கிவிடலாம்.

புதிதாகச் சேர்பவர்கள் அச்சு மடலையே கேட்டு வாங்குங்கள். அதன் கடைசிப் பக்கத்தில், தொடர்பு கிடைக்காதவர்கள் என்ற தலைப்பில் ஒரு சிறு பெட்டி இருக்கும். மின்னஞ்சல் மடலில் ஏனோ அது இடம்பெறுவதில்லை. சென்ற இதழின் பெட்டியில் ஏழு பெயர்கள் இருந்தன. அவற்றுள் ஒன்று, இரண்டு ஆண்டுகள் என்னோடு ஒரே ஆய்வக மேசையில் நின்றவருடையது. அவருடைய தம்பி எங்களுக்கு மூன்று ஆண்டுகள் பின்னால் படித்தது நினைவுக்கு வந்தது. அந்த வகுப்பின் செயலரிடம் கேட்டேன். அவர் தம்பியின் எண்ணைத் தந்தார். தம்பி ஒரு புதிய எண்ணைத் தந்தார். நேற்று மாலை அழைத்தபோது எடுத்தவர் மகன். நான் யார் என்பதையும், எந்த ஆண்டு, எந்தப் பிரிவு என்பதையும் சொல்லிவிட்டு, எந்தச் செய்தியையும் தாங்கிக்கொள்ளும் ஆயத்தத்தோடு நிறுத்தினேன். “அப்பா இருக்கிறார். காது கொஞ்சம் மந்தம், நீங்கள் சத்தமாகப் பேச வேண்டும்” என்று சொன்ன அவர், கைப்பேசியோடு உள் அறைக்கு நடந்துபோகும் காலடி ஓசை எனக்குக் கேட்டது.